எலுமிச்சை வோட்கா கசந்தால் என்ன செய்யலாம்?

காட்பாடி நண்பருக்கு வணக்கம். வீட்டில் கலக்கும் எலுமிச்சை வோட்கா கசக்கிறது, சர்க்கரை அடியில் தங்கிவிடுகிறது, பாதி குடிப்பதற்குள் தண்ணீராகிவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். பாட்டிலை மாற்ற வேண்டாம், கோளாறு வோட்காவில் இல்லை.

கசப்பு வருவது தோலுக்கு உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியிலிருந்தும் நசுங்கிய விதையிலிருந்தும்தான். பழத்தை உள்ளங்கையால் மேசையில் உருட்டி, குறுக்கே வெட்டி, மெதுவாகப் பிழியுங்கள். கடைசிச் சொட்டுக்கு ஆசைப்பட்டுத் தோலைத் திருகாதீர்கள். வடிகட்டிய கையோடு கலந்துவிடுங்கள். காலையில் பிழிந்து வைத்த சாறு ராத்திரிக்குள் ருசி மாறிவிடும்.

சர்க்கரை குளிர்ந்த வோட்காவில் சரியாகக் கரையாது. சம அளவு தண்ணீர் ஊற்றிச் சூடாக்கி, கரைந்ததும் ஆறவிட்டுப் பாகாகச் சேருங்கள். வோட்கா 60 மில்லி, சாறு 25, பாகு 20. நம்ம ஊர்ப் பழத்துக்கு இதுதான் என் கணக்கு. புளிப்புத் தூக்கினால் பாகைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

அப்புறம் ஐஸ். வேலூர் வெயிலுக்குச் சின்னக் கட்டிகள் நிமிஷத்தில் கரைந்துவிடும். கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பெரிய கட்டியாக உறையவிடுங்கள். வோட்கா பாட்டிலையும் ஃப்ரீசரில் வைக்கலாம், வீட்டு ஃப்ரீசர் குளிருக்கு அது உறையாது. ஷேக்கர் இல்லையென்றால் மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பாவில் ஐஸோடு பத்துப் பதினைந்து விநாடி குலுக்குங்கள், டப்பா வெளியே பனி பூத்துவிடும்.

சோடா வேண்டுமென்றால் குலுக்கிய பிறகு கிளாஸில் ஊற்றுங்கள், டப்பாவுக்குள் ஊற்றினால் மூடி தெறிக்கும். பன்னீர் சோடா என்றால் பாகைப் பாதியாகக் குறையுங்கள், அதிலேயே இனிப்பு இருக்கிறது.