மாநாட்டுக்குப் போனால் யாரிடம் பேசுவது, என்ன பேசுவது? – கேள்வி பதில்

பூங்கா, தெரு போன்ற திறந்தவெளிகளை வடிவமைக்கும் அமெரிக்க லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்களின் சங்கமான ஏ.எஸ்.எல்.ஏ.வின் ஆண்டு மாநாட்டுக்கு 2013-இல் பாஸ்டனில் முதன்முறை போனேன். 2020-இல் மயாமியில் நடக்க இருந்தது கொரோனாவால் நேரில் நடக்கவில்லை. அதையும் இன்னும் இரண்டொரு வருடங்களையும் தவிர, எல்லா மாநாட்டுக்கும் போயிருக்கிறேன். இங்கே படிக்கும் நம் பிள்ளைகள் நிறையப் பேர் தனித்தனியாகக் கேட்டார்கள். ஒரே இடத்தில் கேளுங்கள் என்று சொன்னேன். கேட்டவற்றில் எனக்குத் தெரிந்ததற்குப் பதில் எழுதுகிறேன்.

கேள்வி (ஒஹையோ, முதுகலை இரண்டாம் ஆண்டு): அக்கா, எக்ஸ்போ அரங்கில் கடை போட்டிருப்பவர்கள் எல்லாம் பெஞ்சு, விளக்கு, தரை ஓடு விற்பவர்கள்தானே? வேலை தேடும் மாணவிக்கு அங்கே என்ன இருக்கிறது?

நிறைய இருக்கிறது. அந்தக் கடையில் நிற்கும் விற்பனைப் பிரதிநிதி வருடம் முழுக்க என்ன செய்கிறார் தெரியுமா? தன் வட்டாரத்திலுள்ள டிசைன் அலுவலகங்களுக்கு மதியச் சாப்பாடு வாங்கிக்கொண்டு போய், சாப்பிடும் நேரத்தில் தன் பொருளைப் பற்றி ஒரு மணி நேரம் வகுப்பு எடுக்கிறார். எந்த அலுவலகத்தில் புதிதாக நான்கு மேசை போட்டிருக்கிறார்கள், எங்கே ஆள் போதாமல் திண்டாடுகிறார்கள் என்பது அவருக்குத் தெரியும். மரத்தின் வேருக்கு நடைபாதைக்கு அடியில் இடம் விடும் மண்கூடு, நீர் இறங்கும் தரைக்கல் என்று உங்களுக்கு உண்மையிலேயே ஆர்வமுள்ள பொருளின் கடைக்குப் போங்கள். எப்படிப் பதிக்கிறார்கள், அடியில் என்ன ஜல்லி போடுகிறார்கள் என்று கேளுங்கள். பத்து நிமிடம் பேசிய பிறகு, "உங்கள் ஊரில் இதை நன்றாகச் செய்யும் அலுவலகம் எது?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் இரண்டு பெயர்கள் எந்த வேலைத் தளத்திலும் கிடைக்காது.

அங்கே நின்றபடி போர்ட்ஃபோலியோவை, அதாவது நீங்கள் வரைந்தவற்றின் தொகுப்பை, மட்டும் திறக்காதீர்கள்.

கேள்வி (டெக்சஸ்): விசா ஸ்பான்சர் செய்யும் நிறுவனங்களின் பட்டியல் இருக்கிறதா?

என்னிடம் பட்டியல் இல்லை. ஆனால் அதைவிட முக்கியமான ஒன்றைப் பலர் தெரிந்துகொள்ளாமலே மாநாட்டுக்கு வருகிறார்கள். 2023 ஜூலையில் அமெரிக்க உள்நாட்டுப் பாதுகாப்புத் துறை நம் படிப்பை ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டியலில் சேர்த்துவிட்டது. படிப்பு முடிந்து கிடைக்கும் 12 மாத ஓ.பி.டி.யோடு (மாணவர் விசாவிலேயே படித்த துறையில் வேலை செய்யும் அனுமதி) இன்னும் 24 மாதம் நீட்டிக்க வழி உண்டு. மொத்தம் மூன்று வருடம். அதற்கு உங்கள் பல்கலைக்கழகம் மாணவர் விசாவுக்காகத் தந்த ஐ-20 படிவத்தில் படிப்பின் குறியீட்டு எண் 04.0601 என்று இருக்கிறதா என்று பாருங்கள். பெயரில் லேண்ட்ஸ்கேப் இருந்தாலும் சில துறைகள் வேறு எண்ணில் பதிவாகியிருக்கும். வேலை கொடுப்பவர் ஈ-வெரிஃபையில் (பணியாளரின் வேலை அனுமதியைச் சரிபார்க்கும் அரசு இணைய ஏற்பாடு) இருக்க வேண்டும், ஐ-983 என்ற பயிற்சித் திட்டப் படிவத்தை உங்களோடு சேர்ந்து நிரப்ப வேண்டும்.

சின்ன அலுவலகம் நடத்துபவருக்கு இது தெரியாமல் இருக்கலாம். வெளிநாட்டு மாணவர் என்றாலே வக்கீல், செலவு என்று பயந்து ஒதுங்கிவிடுவார். மூன்று வருடத்துக்கு அவர் விசா விண்ணப்பம் எதுவும் போட வேண்டியதில்லை என்பதை நீங்கள்தான் பொறுமையாகச் சொல்ல வேண்டும். அதையும் முதல் சந்திப்பில் சொல்ல வேண்டாம். அவர் உங்கள் வேலையைப் பார்க்கக் கேட்ட பிறகு சொல்லுங்கள்.

கேள்வி (கோயம்புத்தூர்): இந்தியாவிலிருந்து இவ்வளவு செலவு செய்து வரலாமா?

வேண்டாம். நம் நாட்டில் இந்திய லேண்ட்ஸ்கேப் ஆர்க்கிடெக்ட்கள் சங்கமான ஐசோலா 2003 முதல் இருக்கிறது. முதலில் அவர்களுடைய மாநாட்டுக்குப் போங்கள். உங்களுக்கு வேலை கொடுக்கப்போகிறவர்கள் அங்கேதான் இருக்கிறார்கள்.

கேள்வி (வர்ஜீனியா): கூச்ச சுபாவம். ரெசெப்ஷனில் கையில் தட்டோடு நிற்கிறேன், எப்படி ஆரம்பிப்பது என்றே தெரிவதில்லை.

தம்பி, ரெசெப்ஷனை விடுங்கள். ஃபீல்டு செஷனுக்குப் பதிவு செய்யுங்கள். பேருந்தில் ஏற்றிக்கொண்டு போய் ஒரு பூங்காவையோ தெருவையோ கட்டியவர்களே நடத்திக் காட்டுவார்கள். தனிக் கட்டணம், சீக்கிரம் நிறைந்துவிடும், பதிவு திறந்த வாரமே போட்டுவிடுங்கள்.

2016-இல் மாநாடு நியூ ஆர்லியன்ஸில் நடந்தது. அப்போது எனக்கும் உங்கள் கதைதான். ஒரு ஃபீல்டு செஷனில் ஜென்டில்லி பக்கம் ஒரு குடியிருப்புத் தெருவில் நடந்தோம். ஒரு வீட்டு வாசற்படி தரையைத் தொடாமல் ஒரு சாண் உயரத்தில் நின்றது. அதற்குக் கீழே யாரோ புதிதாக ஒரு படி கட்டியிருந்தார்கள். அந்தப் புதுப் படிக்கும் மண்ணுக்கும் நடுவிலும் இடைவெளி விழ ஆரம்பித்திருந்தது. குனிந்து கையை விட்டுப் பார்த்தேன், நான்கு விரல் போனது. வீடு ஆழக் கம்பங்களில் நிற்கிறது, சுற்றியுள்ள மண் இறங்குகிறது. அது மக்கிய சதுப்பு மண். நூறு வருடமாக மழைநீரைப் பம்பு வைத்து இறைத்து வெளியேற்றியதால் மண் காய்ந்து, காற்றுப் பட்டு, சுருங்கிக்கொண்டே போகிறது.

பக்கத்தில் ஒரு வயதான நீரியல் பொறியாளரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தார். "எங்கள் ஊரில் தண்ணீரை வெளியேற்ற மாட்டோம், நிறுத்தி வைப்போம்" என்று என்னையறியாமல் சொன்னேன். எப்படி என்றார். சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களைச் சொன்னேன். மேல் கண்மாய் நிறைந்தால் கலுங்கு என்ற உபரிநீர்ப் போக்கி வழியாகக் கீழ்க் கண்மாய்க்குப் போகும், மடையைத் திறந்து மூட நீர்க்கட்டி என்று ஒருவர் இருப்பார் என்றேன். அவர் தன் நோட்டை நீட்டினார். கலுங்கில் வரிசையாக நிற்கும் கல்லையும், வெள்ளம் குறைந்ததும் அந்தக் கல்லுக்கு நடுவே பலகை செருகித் தண்ணீரைக் கொஞ்சம் கூடுதலாகப் பிடித்து வைப்பதையும் வரைந்து காட்டினேன். பேருந்து கிளம்பும்வரை பேசினோம். அவர் என் பெயரைக் கேட்டது கடைசியில்தான். அடுத்த வருடம் அவர் மூலமாகத்தான் இப்போது இருக்கும் வேலை வந்தது.

உங்களைப் பற்றிப் பேச வேண்டும் என்று நினைத்தால் நாக்கு ஒட்டிக்கொள்ளும். எதிரில் இருக்கும் நிலத்தைப் பற்றிப் பேசுங்கள். கூச்சம் தானாகப் போய்விடும்.

கேள்வி (இல்லினாய்): ஸ்பான்சர் செய்யும் நிறுவனங்கள் எவை?

மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (நியூ ஜெர்சி, உரிமம் பெற்றவர்): தொடர் கல்வி மணிநேரம் எவ்வளவு சேர்க்கலாம்?

எல்.ஏ. செஸ் என்ற நம் துறைத் தொடர் கல்வி அமைப்பின் அங்கீகாரம் உள்ள அமர்வுகளுக்குக் கிடைக்கும். எத்தனை மணி தேவை என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், உங்கள் உரிம வாரியத்தின் விதியைப் பாருங்கள்.

கேள்வி (டல்லாஸ், சொந்த ஊர் மதுரை): அறிமுகத்தில் என்ன வேலை என்று இங்கே சொல்லிவிடலாம். ஊரில் அம்மாவிடம் சொன்னால் "தோட்டக்காரனாவா போயிருக்க?" என்கிறார். தமிழில் இதற்கு என்ன பெயர்?

நான் 'நிலவடிவமைப்பாளர்' என்கிறேன். தோட்டக்காரர் என்று சொன்னாலும் எனக்கு வருத்தமில்லை. நாம் வரைந்த மரத்தை உயிரோடு வைத்திருப்பவர் அவர்தான்.

மறுமொழி (சிங்கப்பூர்): 'நிலத்தோற்றக் கலைஞர்' என்பதுதான் சரி. லேண்ட்ஸ்கேப் என்றால் கண்ணுக்குத் தெரியும் தோற்றம்.

இதை நான் ஏற்க மாட்டேன். உரிமத்துக்கான எல்.ஏ.ஆர்.இ. தேர்வு நான்கு பகுதி. அதில் ஒரு முழுப் பகுதி மண் மட்டம், வடிகால், மழைநீர் பற்றியது. தண்ணீர் எந்தப் பக்கம் ஓட வேண்டும் என்று தீர்மானிப்பவரைத் தோற்றக் கலைஞர் என்றால், அந்த வேலை பெயரிலேயே காணாமல் போகிறது. ஊரில் நம்மைக் கட்டடம் முடிந்த பிறகு புல் போடக் கூப்பிடுவதற்கே இந்த நினைப்புத்தான் காரணம்.

மறுமொழி (சிங்கப்பூர்): ஆங்கிலப் பெயரும் அப்படித்தானே இருக்கிறது?

இருக்கிறது, அதனால் அவர்களும் கஷ்டப்பட்டார்கள். நியூயார்க் சென்ட்ரல் பார்க்கைச் செய்த ஓம்ஸ்டெட்டும் வாக்ஸும் 1860-களிலேயே இந்தப் பட்டத்தைப் போட்டுக்கொண்டார்கள். ஓம்ஸ்டெட்டுக்கு அந்தப் பெயர் பிடிக்கவே இல்லை, வேறு நல்ல சொல் கிடைக்காமல் வைத்துக்கொண்டார். 1899-இல் பதினொரு பேர் சேர்ந்து இந்தச் சங்கத்தை ஆரம்பித்தபோது பெயர் நிலைத்துவிட்டது. அவர்களுடைய குறையை நாம் ஏன் மொழிபெயர்க்க வேண்டும்?

மறுமொழி (யாழ்ப்பாணம், இப்போது டொராண்டோ): எங்களிடம் 'திணை' என்ற சொல் இருக்கேக்க வேறென்னத்துக்கு? திணை வடிவமைப்பு எண்டு சொல்லலாமே.

உங்கள் சொல்லை ஒரு நாள் முழுக்க யோசித்தேன். தொல்காப்பியத்தில் முதற்பொருள் என்றால் நிலமும் பொழுதும் சேர்ந்தது. காலத்தை விட்டுவிட்டு நிலத்தைப் பார்க்கவில்லை. இன்று நடும் கன்று நிழல் தர இருபது வருடம் ஆகும் என்று கட்டுமான முதலாளிக்குப் புரியவைக்க நான் படும் பாட்டை நினைத்தால், பொழுதும் உள்ளே இருக்கிற இந்தச் சொல்மேல் எனக்கு ஆசை வருகிறது. அப்புறம் கருப்பொருள்: மரம், பறவை, விலங்கு, அங்குள்ளவர்களின் தொழில். ஒரு இடத்தை ஆய்வு செய்யும்போது நாம் எழுதும் பட்டியலும் அதேதான்.

ஆனால் திணை ஏற்கெனவே இருப்பது. அதை யாரும் வடிவமைக்க முடியாது, அதற்கு இணங்கி வேலை செய்யலாம். அதனால் விசிட்டிங் கார்டில் 'நிலவடிவமைப்பாளர்' என்றே வைத்திருப்பேன். ஏரிக்கரையைப் பற்றி ஊர்க்காரர்களிடம் பேசும்போது உங்கள் சொல்லை எடுத்துக்கொள்வேன்.

(இதற்குக் கீழே இன்னும் பலர் எழுதியிருக்கிறீர்கள். 'சூழலமைப்பாளர்' என்றவருக்கும் 'நிலக்கலைஞர்' என்றவருக்கும் தனியாக எழுதுகிறேன். மாநாடு பற்றிக் கேட்டவர்கள் காத்திருக்கிறார்கள்.)

கேள்வி (ஃபுளோரிடா): எந்த நிறுவனங்கள் ஸ்பான்சர் செய்யும் என்று தெரிந்தால்தானே அங்கே போய்ப் பேச முடியும்?

மூன்றாவது முறை. பட்டியலை வைத்துக்கொண்டு கடை கடையாகக் கேட்பவர்களை நான் எதிர்ப் பக்கத்திலிருந்தும் பார்த்திருக்கிறேன். போன மாநாட்டில் ஒரே மாலையில் ஏழு பேர் என் முன்னால் டேப்லெட்டைத் திறந்தார்கள். ஏழு பேருமே நன்றாக வரையும் பிள்ளைகள்தான், எனக்கு ஒரு படம்கூட நினைவில் இல்லை. என்னை யோசிக்கவைத்த கேள்வியைக் கேட்ட ஒரு பெண்ணின் பெயர் மட்டும் நினைவிருக்கிறது. போர்ட்ஃபோலியோவைக் காட்டத் தனி நேரம் கேட்டு வாங்குங்கள். நின்றபடி திறக்காதீர்கள்.

கேள்வி (பாஸ்டன்): பதிவுக் கட்டணம், விமானம், ஹோட்டல் எல்லாம் சேர்த்தால் என் இரண்டு மாத வாடகை. காசு இருப்பவர்களுக்குத்தான் இந்தத் தொடர்பெல்லாமா?

உங்கள் கோபம் நியாயமானது. மாணவர் கட்டணம் குறைவுதான், இருந்தாலும் தங்கும் செலவு தாங்காது. கடன் வாங்கி வராதீர்கள். சங்கத்தின் மாநிலக் கிளைகள் ஊருக்குள்ளேயே கூட்டமும் தள நடையும் நடத்துகின்றன, சில கிளைகளுக்குச் சொந்த மாநாடே உண்டு. நாற்பது பேர் வரும் கிளைக் கூட்டத்தில் உங்களை எல்லோருக்கும் தெரியும், ஆயிரக்கணக்கானோர் வரும் மாநாட்டில் யாருக்கும் தெரியாது. வேலையும் பெரும்பாலும் அதே ஊரில்தான் கிடைக்கும்.

கேள்வி (மிச்சிகன்): முதல் முறை வருகிறேன், யாரையும் தெரியாது. முதல் நாள் என்ன செய்ய?

ஒரு நாள் முன்னால் வந்துவிடுங்கள். அந்த ஊரில் ஒரு பூங்காவில் இரண்டு மணி நேரம் தனியாக நடங்கள். நியூ ஆர்லியன்ஸ் மாதிரி ஊர் என்றால் லஃபீட் கிரீன்வேயில் நடக்கலாம், பழைய கால்வாயும் ரயில் பாதையும் இருந்த தடத்தில் 2.6 மைல். எங்கே தண்ணீர் தேங்கியிருக்கிறது, எந்தப் பெஞ்சில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், எந்த மரம் வாடியிருக்கிறது என்று நோட்டில் குறியுங்கள். மறுநாள் காலை காபி வரிசையில் முன்னால் நிற்பவரிடம், "நேற்று அந்தப் பூங்காவுக்குப் போனேன், வடக்குப் பக்கம் மரங்கள் ஏன் வாடுகின்றன?" என்று கேளுங்கள். பேசியவரின் பெயரையும் பேசிய விஷயத்தையும் அன்று இரவே எழுதி வையுங்கள். ஊருக்குத் திரும்பியதும் அந்த விஷயத்தைப் பற்றியே இரண்டு வரி மின்னஞ்சல் போடுங்கள்.