பேச்சுக்குப் பட்டா போடாதே

கேள்வி: மேடைப் பேச்சுக்கு ரோமானியர்கள் விதி வகுத்ததைப் பற்றி எழுதியிருந்தீர்கள். நாலு பேர் உட்கார்ந்து பேசும் சாதாரணப் பேச்சுக்கு ஏதாவது சொல்லியிருக்கிறார்களா?
- ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: சொல்லியிருக்கிறார்கள் அம்மா. மேடைப் பேச்சைச் சொல்லித்தர ஆசிரியர்கள் இருக்கிறார்கள், உரையாடலுக்கு யாருமில்லையே என்று ரோமானியரின் பெரிய பேச்சாளர் சிசரோவே குறைப்பட்டிருக்கிறார். கி.மு. 44-இல், ஏதென்ஸில் படித்துக்கொண்டிருந்த மகனுக்காக எழுதிய 'தே ஒஃபீசீஸ்' (கடமைகளைப் பற்றி) நூலில் அந்தக் குறையைக் கொஞ்சம் தீர்த்தும் வைத்தார்.

சின்ன வயதில் குருமடத்தில் மூன்று வருஷம் லத்தீன் படித்தேன். இந்தப் பகுதி வந்த அன்று எங்கள் சாமியார் கரும்பலகையில் 'பொஸெஸியோ' என்று எழுதினார். நிலத்தைக் கைவசம் வைத்திருப்பதைச் சொல்லும் வார்த்தை அது. தன் சொத்துக்குள் நுழைந்தவன் மாதிரி பேச்சுக்குள் வந்து மற்றவர்களை வெளியேற்றக் கூடாது, பேச்சு பொது, எல்லோருக்கும் முறை உண்டு என்கிறார் சிசரோ. சாமியார் சுருக்கமாகச் சொன்னார்: "பேச்சுக்குப் பட்டா போடாதே."

அவர் அப்படித்தான் நடந்தார். ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் வராந்தாவில் எங்களோடு உட்காருவார். ஒரு கதை சொல்லி முடித்ததும், அதுவரை வாய் திறக்காத பையன் பக்கம் திரும்பி, "உங்க ஊர்ல மழை உண்டா?" என்பார். எனக்குத் திக்குவாய். 'ம... ம...' என்று நான் தடுமாறும்போது வார்த்தையை எடுத்துக் கொடுக்க மாட்டார். முழங்கால் மேல் கை வைத்தபடி, நான் முடிக்கும்வரை காத்திருப்பார். எந்த நூலையும்விட அந்தக் காத்திருப்பில்தான் நான் சிசரோவைப் படித்தேன்.

பிற்காலத்திலும் எழுதியிருக்கிறார்கள். இத்தாலியின் பிரெஷ்ஷா நகரத்து வழக்கறிஞர் அல்பெர்த்தானோ, 1245-இல் தன் மகனுக்காகப் பேசும் கலை, மௌனக் கலை பற்றி எழுதினார். யார், என்ன, யாரிடம், ஏன், எப்படி, எப்போது என்று யோசித்துவிட்டுப் பேசச் சொல்கிறார். நல்ல புத்திதான், ஆனால் அதில் வழக்கறிஞரின் எச்சரிக்கை தூக்கல்.

எனக்கு நெருக்கமானவர் நேப்பிள்ஸின் பொந்தானோ. அரசர்களுக்கு அமைச்சராக இருந்து, பதவி போய், 70 வயதுவாக்கில் 'தே செர்மோனே' (உரையாடலைப் பற்றி) எழுதினார். களைத்த மனதுக்குப் பேச்சு ஓய்வு தருகிறது, சிரிக்கச் சிரிக்கப் பேசுவதும் ஒரு நற்பண்பு என்பது அவர் கட்சி. 1503-இல் அவர் இறந்து ஆறு வருஷம் கழித்துத்தான் அது அச்சானது.

சிசரோ ஆங்கிலத்தில் சுலபமாகக் கிடைக்கிறார். 'தே ஒஃபீசீஸ்' முதல் புத்தகத்தில் 132 முதல் 137 வரையுள்ள பத்திகள். ஒரே உட்காரலில் படித்துவிடலாம்.