பதினொரு மணிக் களைப்பு

அன்புள்ள அக்கா,

மஸ்கெலியாப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் படிப்பிக்கிறேன். வயது 38. மூன்று வருஷமாகத் தைராய்டு குறைவுக்குத் தைரொக்சின் குளிசை எடுக்கிறேன், இப்போது 75 மைக்ரோகிராம். நாலரைக்கு எழும்பியதும் தேத்தண்ணியோடு போட்டுவிடுவேன். இரத்தம் குறைவு என்று தந்த இரும்புக் குளிசையையும் மறந்துவிடக் கூடாதென்று கூடவே சேர்த்துப் போடுவேன். எட்டு மணிக்கு நன்றாகத்தான் இருப்பேன். பதினொரு மணியானால் கரும்பலகைக்கு முன்னால் நிற்க முடியாது. குளிசையின் சக்தி அதோடு தீர்ந்துவிடுகிறதா? இரவில் போட்டால் பகலில் உற்சாகமாக இருக்குமா? போன மாதம் இரண்டு கிழமை நிறுத்தியும் பார்த்தேன், பெரிய வித்தியாசம் தெரியவில்லை. மாமியார் கோவாவை (முட்டைக்கோஸ்) நிறுத்து, உப்பைக் கூட்டு என்கிறார். சில நேரம், நான்தான் சோம்பேறியாகிவிட்டேனோ என்று தோன்றுகிறது.

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் கடிதம் வந்த அன்று என் மேசையில் அம்மாவின் கிளினிக் கொப்பி கிடந்தது. வீடு மாறுவதற்காகப் பெட்டிகளை ஒதுக்கும்போது அகப்பட்டது. இரண்டு நாளாக அதைத்தான் புரட்டிக்கொண்டிருந்தேன். உங்கள் கடைசி வரியைப் படித்ததும் கொப்பியை மூடி வைத்துவிட்டேன். பிறகு அந்த வரிக்கு வருகிறேன்.

முதலில் கேட்டதற்குப் பதில். தைரொக்சின் தேத்தண்ணி மாதிரி இல்லை, குடித்த கொஞ்ச நேரத்தில் தெம்பு தந்து மத்தியானத்துக்குள் தீர்ந்துபோக. உடம்பில் சேர்ந்த தைரொக்சினில் பாதி குறையவே ஏறக்குறைய ஒரு கிழமை ஆகும். இன்று காலை போட்ட குளிசை இன்றைய பதினொரு மணிக்காக வேலை செய்வதில்லை. போன கிழமையும் அதற்கு முந்திய கிழமையும் போட்டவைதான் இன்று உங்களைத் தூக்கி நிறுத்துகின்றன. அதனால் நேரத்தை மாற்றினால் களைப்பும் இடம் மாறும் என்று நினைக்காதீர்கள். நெதர்லாந்தில் இதைச் சோதித்து 2010இல் வெளியிட்டார்கள். 90 பேர், மூன்று மாதம் காலையில், மூன்று மாதம் படுக்கப்போகும்போது. இரவில் எடுத்தபோது இரத்தத்தில் ஹோர்மோன் அளவு கொஞ்சம் நன்றாக இருந்தது. ஆனால் களைப்பு எப்படி, நாள் எப்படிப் போகிறது என்று கேட்டதற்கு அவர்கள் சொன்ன பதிலில் பெரிய வித்தியாசம் இல்லை.

நேரம் முக்கியம்தான். குளிசை வயிற்றில் எதைச் சந்திக்கிறது என்பதற்காக முக்கியம். வெறும் வயிற்றில் போட்டாலே 100இல் 60 முதல் 80 பங்குதான் உடம்பில் சேரும். கோப்பி அதையும் குறைக்கும், தேத்தண்ணியையும் தள்ளி வைக்கத்தான் சொல்கிறார்கள். பால், கல்சியம், இரும்பு மூன்றும் பெரிய எதிரிகள். இரும்பு தைரொக்சினைப் பிடித்துக் கட்டிக்கொள்ளும், பிறகு அது குடலைத் தாண்டாது. இரண்டுக்கும் நடுவில் நாலு மணித்தியாலம் வேண்டும். நீங்கள் இரண்டையும் ஒரே வாயில், அதுவும் தேத்தண்ணியோடு போடுகிறீர்கள். 75 என்று எழுதித் தந்திருக்கிறார்கள், உங்கள் உடம்புக்கு எத்தனை போய்ச் சேர்ந்ததோ!

நிறுத்திப் பார்த்தீர்களே, அதற்கு என்னிடம் ஏச்சு வாங்கத்தான் வேண்டும். ஒரு கிழமையில் பாதி, இரண்டு கிழமையில் கால்வாசிதான் மிச்சம். கணக்குச் சொல்லிக்கொடுக்கிற நீங்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கவில்லையா? வித்தியாசம் தெரியவில்லை என்கிறீர்கள். மெதுவாக இறங்குகிற படியில் இறங்குவது தெரியாது. 2022இல் மருந்துத் தட்டுப்பாடு வந்த காலத்தில் பார்மசி பார்மசியாக அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் இருக்கும்போது ஒருவர் வேண்டுமென்றே நிறுத்தினார் என்று கேட்டால் எனக்குக் கோபம் வருகிறது. இனி அப்படிச் செய்யாதீர்கள்.

கோவாவை வேகவைத்துத் தாராளமாகச் சாப்பிடுங்கள். உப்பைக் கூட்ட வேண்டாம். இலங்கையில் 1995 முதல் உப்பில் அயடின் சேர்ப்பது சட்டம், அதற்கு மேல் அள்ளிப் போட்டால் இரத்த அழுத்தம்தான் ஏறும். மாமியாரிடம் சண்டைக்குப் போகாமல் இதைச் சொல்லிவிடுங்கள்.

சரி, அந்தச் சொல்லுக்கு வருகிறேன்.

என் அம்மா தலவாக்கலைக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். நான் எட்டாம் வகுப்புப் படிக்கும்போது அவருக்கு இந்த நோய் வந்திருக்க வேண்டும். அப்போது அதற்குப் பெயர் இல்லை. முகம் ஊதியது, குரல் தடித்தது, தலைமுடி கொத்தாகக் கொட்டியது. குளிர் தாங்காமல் இரண்டு ஸ்வெட்டர் போடுவார். எல்லாருக்கும் குளிர்கிற ஊரில் ஒருத்திக்கு மட்டும் கூடுதலாகக் குளிர்வதை யார் கவனிப்பார்? மற்றவர்கள் 16, 18 கிலோ எடுக்கும்போது அம்மாவின் கூடை 11ஐத் தாண்டாது. பல நாள் அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்தது. காலையில் ஆள் கணக்கெடுக்கிற பிரட்டுக்குப் பிந்திப் போனால் கங்காணி எல்லாருக்கும் முன்னால் அந்தச் சொல்லைச் சொல்வார். மலையில் பெண்கள் சொன்னார்கள். அப்பா வீட்டில் சொன்னார். சாப்பாட்டு நேரத்தில் தேயிலைச் செடிக்குப் பக்கத்தில் சாக்கை விரித்து அம்மா தூங்கிவிடுவார் என்று லயம் முழுக்கப் பேச்சு.

ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது அடுப்பு பற்ற வைக்காமல் அம்மா படுத்திருந்தார். எனக்குப் பசி. நானும் அதே சொல்லைச் சொன்னேன். அவர் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. எழும்பிப் போய் விறகை எடுத்தார்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் கழித்துத்தான், மலையில் மயங்கி விழுந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, இரத்தம் எடுத்துப் பார்த்து நோயைக் கண்டுபிடித்தார்கள். குளிசை தந்தார்கள். கொப்பியில் வரிசையாக இருக்கிறது: 50, 75, 100, 125. அளவு கூடக் கூட, தைராய்டு குறைந்தால் இரத்தத்தில் ஏறுகிற டி.எஸ்.எச். என்ற ஹோர்மோன் இறங்கவேயில்லை. டொக்டர் சிங்களத்தில் கேட்பார், அம்மா தலையாட்டுவார், அடுத்த ஆள் வந்துவிடுவார். ஒரு கட்டத்தில் ‘மருந்தை ஒழுங்காகக் குடிப்பதில்லை’ என்றும் சொல்லிவிட்டார்கள். அங்கேயும் அதே பழிதான், வேறு வார்த்தையில். ஒருநாள் கூட அம்மா குளிசையை விட்டதில்லை. பிரட்டுக்குப் போகிற அவசரத்தில் எல்லாக் குளிசையையும் உள்ளங்கையில் கொட்டி, சாயத்தண்ணியில் ஒரே மடக்கு. உங்களைப் போலவே.

கடைசியில் தமிழ் தெரிந்த ஒரு தாதிதான் கேட்டார்: “அம்மா, இத எதோட போடுறீங்க?” இரண்டு வருஷத்தில் யாரும் கேட்காத கேள்வி. அன்றிலிருந்து தைரொக்சின் மட்டும் பச்சைத் தண்ணீரில், இரும்பு சாயந்திரம் மலையிலிருந்து வந்த பிறகு. இரண்டு கிளினிக் தாண்டியதும் 125ஐ 100 ஆக்கினார்கள். அதுவும் கொப்பியில் இருக்கிறது. அடுத்த சித்திரைக் கொழுந்தில் ஒருநாள் அம்மா 20 கிலோ நிறுத்தார். கங்காணி எழுதிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. இத்தனை வருஷம் சொன்ன சொல்லை யாரும் திருப்பி எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை. அம்மா போய் ஒன்பது வருஷமாகிறது.

அதனால்தான் சொல்கிறேன் தங்கச்சி, அந்தச் சொல்லை உங்கள் மேல் நீங்களே போட்டுக்கொள்ளாதீர்கள். நாலரைக்கு எழும்பி ஒரு வீட்டுக்குச் சமைத்து, பஸ் பிடித்து, ஒரு வகுப்புப் பிள்ளைகளுக்கு முன்னால் நிற்கிற பெண் அதை எழுதினால், அது எங்கேயோ கேட்டுக் கேட்டு உள்ளே போனதாகத்தான் இருக்கும். யார் சொன்னார்கள் என்று யோசித்துப் பாருங்கள். வகுப்பில் தூங்கி விழுகிற பிள்ளையிடமும் அதைச் சொல்லாதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் இரத்தம் குறைவாக இருக்கலாம்.

உங்கள் பதினொரு மணிக்கும் இரத்தக் குறைவு ஒரு காரணமாக இருக்கலாம். ஹீமோகுளோபினையும் திரும்பப் பார்க்கச் சொல்லுங்கள்.

நாலரைக்குக் கண் விழித்ததும் குளிசையைப் பச்சைத் தண்ணீரில் போடுங்கள். தேத்தண்ணி ஐந்தரைக்கு. அந்த ஒரு மணித்தியாலம் எதுவும் வாயில் போடாமல் வேலையைப் பாருங்கள், அல்லது வேலையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுச் சும்மா இருங்கள். இரும்புக் குளிசை பள்ளிக்கூடம் விட்டு வந்து, அதுவும் தேத்தண்ணியோடு வேண்டாம், அது இரும்பையும் தடுக்கும். தைரொக்சினை இரவில் போடுவதென்றால் சாப்பிட்டு மூன்று மணித்தியாலம் கழியவேண்டும். ஒன்பதுக்குச் சாப்பிட்டுப் பத்துக்குப் படுக்கிற வீட்டில் அது சரிவராது. ஒருநாள் மறந்தால் அன்றைக்கே ஞாபகம் வரும்போது போடுங்கள், அடுத்த நாள் இரண்டாகப் போட வேண்டாம். முறையை மாற்றியதைக் கிளினிக்கில் கட்டாயம் சொல்லுங்கள். முன்னால் சேராதது இனிச் சேரும், அப்போது 75 கூடிப்போய் நெஞ்சு படபடக்கலாம். ஆறு முதல் எட்டுக் கிழமையில் டி.எஸ்.எச். பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். இரண்டு கிழமை நிறுத்தியதையும் மறைக்காமல் சொல்லுங்கள்.

ரிப்போர்ட் வந்ததும் எனக்கு எழுதுங்கள். காத்திருப்பேன்.

அக்கா