பேனல் நனையாது, சுவர் நனையுமே!

போன இதழில் பாத்ரூம் கசிவைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தேன். அதற்கு வந்த கேள்விகளில் பெரும்பாலானவை சுவரில் அடிக்கும் பி.வி.சி. என்ற பிளாஸ்டிக் பேனலைப் பற்றித்தான். அதனால் இந்த முறை முழுக்க அதற்கே.

எங்கள் பாத்ரூமில் இடுப்பு உயரம் வரைதான் டைல்ஸ். அதற்கு மேல் பெயின்ட் பொருமிப் பொருமி உதிர்கிறது. பின்பக்கம் படுக்கையறைச் சுவரிலும் உப்பு பூக்கிறது. கடையில் கேட்டால், "வாட்டர்ப்ரூஃப் பேனல் அடிச்சிருங்கக்கா, ஒரே நாளில் முடிஞ்சிரும்" என்கிறார்கள். அடிக்கலாமா?
— வாசகி, பாளையங்கோட்டை

அடிக்கலாம் அம்மா, ஆனால் இப்போது வேண்டாம்.

கடைக்காரர் சொல்வது பொய் இல்லை. பி.வி.சி. தண்ணீரைக் குடிக்காது, ஊறாது, கரையானும் அரிக்காது. ஆனால் வாட்டர்ப்ரூஃப் என்ற பெயர் அந்தப் பலகைக்கு மட்டும்தான் பொருந்தும். இரண்டு பலகை சேரும் இடம், மூலை, குழாய் வெளியே வரும் ஓட்டை, தரையோரம் எல்லாம் வேலை செய்தவரின் கையைப் பொறுத்தவை. உங்கள் வீட்டில் படுக்கையறைப் பக்கமும் உப்பு பூக்கிறது என்றால், தண்ணீர் சுவரின் உடம்புக்குள்ளேயே இருக்கிறது. பாத்ரூம் பக்கத்தைப் பேனலால் மூடினால் அது காயும் வழி ஒன்று அடைபடும். மிச்சமுள்ள வழி உங்கள் படுக்கையறைதான்.

கொத்தனார் வேலையில் எனக்கு 31 வருடம். இந்தத் தப்பை நானே என் தங்கை வீட்டில் செய்திருக்கிறேன். மழைக்காலத்துக்கு முன்னால் முடித்துத் தர வேண்டும் என்ற அவசரத்தில், ஈரச் சுவர் மேலேயே மர ரீப்பர் (மெல்லிய சட்டம்) அடித்துப் பேனலை மாட்டிவிட்டேன். பார்க்க அவ்வளவு அழகாக இருந்தது. எட்டு மாதம் கழித்துத் தங்கை, "அண்ணே, பாத்ரூமுக்குள்ள போனாலே ஒரு வாடை அடிக்குது" என்றாள். கழற்றிப் பார்த்தால் ரீப்பர் முழுக்கக் கரையான் புற்று, சுவரில் கறுப்புப் பூஞ்சை. கீசருக்குப் போகும் பைப்பில் ஒரு எல்போ (வளைவு இணைப்பு) மயிரிழை அளவுக்குக் கசிந்துகொண்டே இருந்திருக்கிறது. பேனல் இல்லாமல் இருந்திருந்தால் பத்து நாளில் கண்ணில் பட்டிருக்கும். அத்தனையையும் பிரித்து, என் செலவில் திரும்பச் செய்துகொடுத்தேன். அதிலிருந்து, ஈரம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாமல் எந்தச் சுவரையும் நான் மூடுவதில்லை.

அதைக் கண்டுபிடிக்க முதலில் ஓதம் நிற்கும் உயரத்தைப் பாருங்கள். தரையிலிருந்து 2, 3 அடி வரை ஒரே பட்டையாக நின்றால், அஸ்திவாரத்திலிருந்தோ பாத்ரூம் தரையிலிருந்தோ ஏறுகிறது. குழாயைச் சுற்றித் திட்டாக இருந்தால் பைப். மேலிருந்து இறங்கினால் மாடி பாத்ரூமோ மொட்டைமாடித் தட்டோடோ காரணம். ஐப்பசி, கார்த்திகையில் மட்டும் வந்து பங்குனியில் மறைந்தால் வெளிச்சுவர் பூச்சில் வெடிப்பு இருக்கும்.

அப்புறம் இரண்டு சோதனை. ஒன்று, தண்ணீர் வெளியேறும் ஓட்டையைத் துணியும் பிளாஸ்டிக்கும் வைத்து இறுக்கி அடைத்து, தரையில் 2 அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள். சுவரில் பென்சிலால் மட்டம் கீறி 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் நன்றாக இறங்கி, படுக்கையறைச் சுவரில் ஈரம் கூடினால் தரை பழுது. இரண்டாவது, பிளம்பரைக் கூப்பிட்டு, பைப்பின் வாய்களை எல்லாம் அடைத்து, கை பம்பால் அழுத்தம் ஏற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். பம்பிலுள்ள மீட்டரின் முள் இறங்கினால் பைப் பழுது. எது பழுதோ அதைச் சரிசெய்து, உதிரும் பூச்சைச் செங்கல் தெரியும்வரை கொத்தி எடுத்துப் புதிதாகப் பூசி, காயவிடுங்கள். சுவர் காய்ந்ததா என்று தெரிய ஒரு வழி இருக்கிறது. 2 அடிச் சதுரத்தில் பாலிதீன் தாளை நாலு பக்கமும் டேப் போட்டுச் சுவரில் ஒட்டி, இரண்டு நாள் கழித்துப் பாருங்கள். உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தால் இன்னும் காயவில்லை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் நனைந்த ஆற்றோரத் தெரு வீடுகளில், கோடை வந்தும் இந்தத் தாளில் நீர் கோத்ததைப் பார்த்திருக்கிறேன். 9 அங்குலச் சுவர் உள்ளே வரை காய மாதக்கணக்கு ஆகும். பொறுக்கத்தான் வேண்டும்.

எங்கள் ஊர் போர் தண்ணீர் உப்பு. டைல்ஸ் எல்லாம் வெள்ளை படிந்துவிட்டது. அதன் மேலேயே பேனல் ஒட்டலாமா? எந்த வகை வாங்குவது, எத்தனை வாங்குவது? பாத்ரூம் 5க்கு 7 அடி, உயரம் 8 அடி.
— வாசகர், வள்ளியூர்

டைல்ஸ் சுவரைக் கெட்டியாகப் பிடித்திருந்தால் அதன் மேலேயே ஒட்டலாம். ஒரு ரூபாய்க் காசால் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டுங்கள். பொள்ளலாகச் சத்தம் வருவதைப் பெயர்த்து, அந்தக் குழியைக் கலவையால் நிரப்பி மட்டப்படுத்துங்கள். உப்புப் படிவை முழுக்கத் தேய்த்து எடுத்த பிறகே பசை. படிவின் மேல் பசை போட்டால் அது படிவைத்தான் பிடிக்கும், டைல்ஸைப் பிடிக்காது.

வகை என்றால், கடையில் அதிகம் கிடைப்பது உள்ளே கூடு கூடாக இருக்கும் பி.வி.சி. பேனல். 10 அங்குல அகலம், 10 அடி நீளம், ஒன்றின் பள்ளத்தில் அடுத்ததன் நாக்கு நுழையும். பாத்ரூமுக்கு இது போதும். 8க்கு 4 அடியில் பளிங்கு மாதிரி வரும் மெல்லிய ஷீட்டில் இணைப்பு குறைவு என்பது நல்ல விஷயம். ஆனால் சுவர் கண்ணாடி மாதிரி மட்டமாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஒவ்வொரு மேடும் தெரியும். எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை), பிளைவுட் மேல் படம் ஒட்டிய பலகையை எவ்வளவு மலிவாகத் தந்தாலும் வாங்காதீர்கள். வெட்டிய ஓரத்தில் தண்ணீர் பட்டால் ஊதிவிடும்.

கடையில் ஒரு பேனலை நீளவாக்கில் பிடித்து, வெட்டுவாயைப் பாருங்கள். உள்ளே இருக்கும் தடுப்புகள் நெருக்கமாக, ஒரே கனத்தில் இருக்க வேண்டும். கட்டைவிரலால் அழுத்தினால் குழி விழக் கூடாது. ஒரு துண்டை வளைத்துப் பாருங்கள். நல்ல சரக்கு வளையும், சுண்ணாம்புத் தூள் அதிகம் கலந்தது சட்டென்று ஒடியும். ஒரே அளவில் இரண்டு கம்பெனி பேனலைக் கையில் தூக்கினாலே எடை வித்தியாசம் தெரியும். கனமானதை எடுங்கள்.

கணக்கு: சுற்றளவு 24 அடி. கதவுக்கு இரண்டரை அடி போனால் இருபத்தொன்றரை, அதாவது 258 அங்குலம். 26 பேனல் வருகிறது. மூலையில் வெட்டிக் கழிவது, ஒன்றிரண்டு கீறல் விழுவது எல்லாம் சேர்த்து 28 வாங்குங்கள். 10 அடியில் 8 அடி வெட்டினால் மிஞ்சும் 2 அடித் துண்டுகளே கதவுக்கு மேல் போதும். ஜன்னலுக்கென்று எதையும் கழிக்காதீர்கள். மிஞ்சும் முழுப் பேனலைப் பரணில் போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து அதே டிசைன் கிடைக்காது.

உப்புத் தண்ணீர் இதன் மேலும் படியும். குளித்ததும் ரப்பர் வைப்பரால் ஒரு இழுப்பு இழுத்துவிட்டால் படியாது. படிந்தால் வினிகரில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து துடைக்கலாம். தின்னர் படவே கூடாது, கம்பி நாரும் ஆகாது.

கல்லிடைக்குறிச்சியில் தாத்தா காலத்து வீடு. புறவாசல் குளியலறையில் இன்னும் விறகடுப்பில்தான் வெந்நீர். சுண்ணாம்புக் காரைச் சுவர் உதிர்கிறது. பேனல் போட்டால் சுத்தமாக இருக்குமா?
— வாசகர், அம்பாசமுத்திரம்

வேண்டாம். இரண்டு காரணம். பி.வி.சி. 75, 80 டிகிரி சூட்டிலேயே இளகத் தொடங்கும். தீப்பிடித்தால் அதிலிருந்து வரும் புகை நெஞ்சைப் பிடிக்கும் அமிலப் புகை. அடுப்பும் அதுவும் ஒரே அறையில் இருக்கக் கூடாது. இரண்டாவது, அந்தக் காலத்துச் சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை வாங்கி வாங்கி வெளியே விட்டுத்தான் இத்தனை வருடம் நின்றிருக்கிறது. பேனலோ சிமென்ட் பூச்சோ அதை அடைத்துவிடும். சுண்ணாம்பு வேலை தெரிந்த பழைய கொத்தனார் உங்கள் பக்கம் இன்னும் இருக்கிறார்கள். உதிர்ந்த இடத்தை மட்டும் காரையாலேயே பூசி, வருடம் ஒரு முறை வெள்ளையடியுங்கள். அந்தச் சுவரைக் காப்பாற்றிக்கொள்ளுங்கள், அப்படி ஒன்றை இன்று கட்ட ஆள் கிடைப்பது கஷ்டம்.

பேனல் வாங்கியாகிவிட்டது. அடுத்த வாரம் ஆசாரி வருகிறார். வீட்டில் நான் மட்டும்தான் இருப்பேன். பக்கத்தில் நின்று எதையெல்லாம் பார்க்க வேண்டும்?
— வாசகி, தென்காசி

இப்படிக் கேட்பவர் வீட்டு வேலை உருப்படியாக நடக்கும். சாரல் நாளாக இருந்தால் முதலில் அந்தத் தாள் சோதனையைச் செய்துவிடுங்கள். உங்கள் ஊரில் ஆனி, ஆடியில் எதுவும் சீக்கிரம் காயாது.

ஆசாரி வருவதற்கு முன் கொத்தனாரை வைத்துச் சுவரிலும் தரையோர மூலையிலும் வாட்டர்ப்ரூஃப் கோட்டிங் இரண்டு கை அடிக்க வேண்டும். மூலையில் ஃபைபர் வலைத் துணியை வைத்து அதன் மேல் அடிக்கச் சொல்லுங்கள். ஷவர் பக்கம் 7 அடி உயரம் வரை வேண்டும். உண்மையில் வீட்டைக் காப்பாற்றுவது இந்தக் கோட்டிங்தான். பேனல் அதற்கு மேல் போடும் சட்டை.

மர ரீப்பர் கொண்டு வந்தால் உள்ளே விடாதீர்கள். அலுமினியம் அல்லது பி.வி.சி. பட்டி போதும். சுவர் மட்டமாக இருந்தால் பட்டியே வேண்டாம், நேரே பசையில் ஒட்டலாம்.

முதல் பேனலைத் தூக்குக்குண்டு பிடித்து நிறுத்துகிறாரா என்று பாருங்கள். வீட்டு மூலை எதுவும் நேராக இருக்காது. முதல் பேனல் ஒரு நூல் சாய்ந்தால் கடைசிப் பேனலில் விரல்கடை சாய்ந்து நிற்கும். ஷவர் இருக்கும் மூலையில் முழுப் பேனலாகத் தொடங்கி, வெட்டுப் பேனல் கதவோரம் வரும்படி முடிக்கச் சொல்லுங்கள். தண்ணீர் விழும் இடத்தில் வெட்டு இணைப்பு வேண்டாம். பேனல் செங்குத்தாகத்தான் நிற்க வேண்டும். படுக்கையாகப் போட்டால் ஒவ்வொரு இணைப்பிலும் தண்ணீர் தங்கும்.

மேலும் கீழும் 5 மி.மீ. இடைவெளி விட வேண்டும். "எதுக்குக்கா இடைவெளி, அடைச்சாப்புல இருக்கட்டும்" என்பார். விடாதீர்கள். 10 அடிப் பேனல், காலைக் குளிருக்கும் கொதிக்கும் மத்தியானத்துக்கும் நடுவே 3, 4 மி.மீ. நீளும். இடம் இல்லையென்றால் நடுவில் வயிறு தள்ளும்.

அடிவிளிம்பு தரையில் உட்காரவே கூடாது. 6 அங்குலம் டைல்ஸ் ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஓடும் டைல்ஸ் வரிசை) இருந்தால், பேனலின் அடி அதற்கு வெளிப்பக்கமாக ஏறி நிற்க வேண்டும். அப்போதுதான் வழியும் தண்ணீர் டைல்ஸ் மேல் விழுந்து வாருகாலுக்குப் போகும். பேனலைவிட டைல்ஸ் முன்னால் துருத்திக்கொண்டு நின்றால், அந்த விளிம்பு தண்ணீரை நேரே உள்ளே அனுப்பிவிடும். நான் பார்த்த பாழான பேனல் பாத்ரூம்களில் பாதி இந்த ஒரு இடத்தில்தான் பாழானது.

குழாய் ஓட்டையைக் கத்தியால் கீறி எடுக்காமல், வட்ட ரம்பத்தால் பைப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக அறுத்து, சுற்றிலும் சிலிக்கான் நிரப்பி, அதன் மேல் மூடி வளையம் வைக்க வேண்டும். சிலிக்கான் வாங்கும்போது பூஞ்சை பிடிக்காத நியூட்ரல் வகை என்று கேளுங்கள். பிதுக்கும்போது வினிகர் மாதிரி புளித்த நெடி அடித்தால் அது வேறு வகை. அலுமினியப் பட்டியை அரிக்கும், பி.வி.சி.யையும் அவ்வளவாகப் பிடிக்காது. மூலைப் பட்டி, மேல் பட்டி எல்லாவற்றின் உள்ளேயும் சிலிக்கான் கோடு போட்ட பிறகே பேனலைச் சொருக வேண்டும். எல்லாம் முடிந்த பிறகு வெளியே பூசுவது பார்வைக்குத்தான். ஒரு நாள் முழுக்க யாரும் குளிக்க வேண்டாம்.

அம்மாவுக்கு 80 வயது. வழுக்கிவிடுமோ என்று பயம். பேனல் போட்ட பாத்ரூமில் கைப்பிடிக் கம்பி மாட்டலாமா?
— வாசகர், மேலப்பாளையம்

கட்டாயம் மாட்டுங்கள், ஆனால் பேனலில் மாட்டாதீர்கள். உள்ளே வெறும் கூடு. ஸ்க்ரூ பிடித்த மாதிரி இருக்கும், அம்மா முழுப் பாரத்தையும் போடும் அன்று பேனலோடு கையில் வந்துவிடும். கீசரும் அப்படித்தான், கண்ணாடி அலமாரியும் அப்படித்தான். ஆணி செங்கல்லுக்குள் போக வேண்டும்.

பேனல் மாட்டும் முன்பே இடத்தைக் குறியுங்கள். அந்த இடத்தில் பேனலுக்குப் பின்னால் வெற்றிடம் இருந்தால், அதை அடைக்கிற கனத்துக்குக் கெட்டியான டபிள்யூ.பி.சி. (மரத்தூளும் பிளாஸ்டிக்கும் கலந்த பலகை) துண்டைச் சுவரில் பதித்துவிட்டு, அதையும் தாண்டிச் செங்கல்லில் 3 அங்குலமாவது இறங்கும் ஆங்கர் போல்ட் போடுங்கள். போல்ட் ஓட்டைக்குள் சிலிக்கான் நிரப்ப மறக்கக் கூடாது. ஸ்டீல் கம்பி ஒன்றேகால் முதல் ஒன்றரை அங்குலத் தடிமனில், சுவரிலிருந்து ஒன்றரை அங்குலம் தள்ளி நிற்க வேண்டும். அதற்கு மேல் தள்ளினால் கை வழுக்கி இடுக்கில் மாட்டிக்கொள்ளும்.

உயரம் பொதுவாகத் தரையிலிருந்து 33 முதல் 36 அங்குலம் என்பார்கள். நீங்கள் டேப்பை எடுக்கும் முன், அம்மாவை அவர் குளிக்கும் அதே ஸ்டூலில், காய்ந்த தரையில், உட்காரச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் நில்லுங்கள். அவராக எழுந்திருக்கட்டும். எழும்போது கை தானாகச் சுவரில் போய் ஊன்றும் இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். கம்பி அந்தக் கோட்டில் வரட்டும்.