நாற்காலியில் உட்கார்ந்தவர் என்ன செய்தார்?

அன்புள்ள தம்பிக்கு,

முன்னாள் எம்பி இரா. செழியனைப் பற்றி நீங்கள் எழுதியதில், அவருடைய பேச்சைவிட அவர் நாடாளுமன்றக் குழுக்களில் செய்த வேலைதான் பெரியது என்று ஒரு வரி வருகிறது. எனக்கு அதில் உடன்பாடில்லை. நான் தண்டையார்பேட்டைக்காரன், துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1980-ல் என் முதல் ஓட்டு வடசென்னையில் ஜி. லட்சுமணனுக்கு. அவர் மக்களவைத் துணை சபாநாயகர் ஆனபோது எங்கள் தெருவில் மிட்டாய் கொடுத்தோம். சபையை நடத்துவதும் குழுவில் உட்காருவதும் கௌரவம்தான். ஆனால் தொகுதிக்காரனுக்கு அதனால் என்ன கிடைக்கிறது? எம்பி என்றால் எழுந்து நின்று பேச வேண்டும். வயதில் மூத்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன், தவறாக எண்ண வேண்டாம்.

ஒரு வாசகர், தண்டையார்பேட்டை

அன்புள்ள ஐயா,

தவறாக எண்ண ஒன்றுமில்லை. நானும் ராயபுரத்தில் ஒரு படிப்பகத்தில் பேப்பர் படித்து வளர்ந்தவன். அங்கே பெரியவர் ஒருவர் நாடாளுமன்றச் செய்தியைச் சத்தமாகப் படிப்பார், நாங்கள் சுற்றி நின்று கேட்போம். யார் யாரை மடக்கினார், எந்த மந்திரி பதில் சொல்ல முடியாமல் உட்கார்ந்தார், இதுதான் எங்களுக்கு நாடாளுமன்றம். ஒரு குழு அறிக்கையை அவர் படித்து நான் கேட்டதே இல்லை. பேப்பரில் வந்தால்தானே படிப்பார்? அதனால் உங்கள் கேள்வி எனக்குப் புரிகிறது. ஆனாலும் அந்த வரியை நான் மாற்ற மாட்டேன்.

பேச்சிலிருந்தே தொடங்குகிறேன். ஒரு எம்பி எழுந்து பேசுகிறார் என்றால், அந்த நேரம் அவருக்கு எங்கிருந்து வந்தது? மக்களவையில் அலுவல் ஆய்வுக் குழு என்று ஒன்று இருக்கிறது. சபாநாயகரையும் சேர்த்து 15 பேர். எந்த மசோதாவுக்கு எத்தனை மணி நேரம் என்பதை அங்கேதான் பேசி முடிவெடுக்கிறார்கள். அப்புறம் அந்த நேரத்தைக் கட்சிகளின் பலத்துக்கு ஏற்பப் பிரிக்கிறார்கள். 543 பேர் உள்ள சபையில் ஒரு கட்சிக்கு 22 பேர் இருந்தால், 10 மணி நேர விவாதத்தில் அவர்கள் பங்கு ஏறத்தாழ 24 நிமிடம். ஒரே ஒரு எம்பி உள்ள கட்சிக்கு ஒரு நிமிடம் சொச்சம். சபை நடைமுறை தெரிந்த ஒரு மூத்தவர் அந்தக் குழுவில் இருந்தால், நாலு மணி நேரத்தை ஆறாக்கச் சொல்லி வாதாடுவார். பெரிய மசோதாவைக் கூட்டத்தொடரின் கடைசி நாளில் கொண்டுவந்து வைத்தால் விடமாட்டார். நேரம் போதாமல் போனால் என்ன ஆகிறது என்பதை பட்ஜெட் சமயத்தில் பார்க்கலாம். பல துறைகள் செலவுக்குப் பணம் கேட்கும் மானியக் கோரிக்கைகள் விவாதமே இல்லாமல் மொத்தமாக ஓட்டுக்குப் போகின்றன. அதற்குப் பெயரே கில்லட்டின், தலை வெட்டும் இயந்திரத்தின் பெயர்.

இனி, நீங்கள் யாருக்கு ஓட்டுப் போட்டீர்களோ அவருக்கு வருகிறேன். லட்சுமணன் 1980 முதல் 1984 வரை துணை சபாநாயகராக இருந்தார். துணை சபாநாயகர் என்றால் சபாநாயகருக்குக் கீழே வேலை பார்ப்பவர் என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அப்படி இல்லை. அரசியல் சாசனத்தின் 93-வது பிரிவு இரண்டு பதவிகளையும் சேர்த்தே சொல்கிறது. அவர் சபைக்குத்தான் பதில் சொல்ல வேண்டியவர். சபாநாயகர் இல்லாத நேரத்தில் யாரைப் பேச அழைப்பது, எதை அனுமதிப்பது என்பதெல்லாம் அவர் கையில் இருக்கும். ஒரு குழுவில் அவர் உறுப்பினரானால் தானாகவே அதன் தலைவராகிவிடுவார். நாற்காலியில் இல்லாதபோது மற்ற எம்பிக்களைப் போலப் பேசவும் செய்யலாம், ஓட்டும் போடலாம். 2014 முதல் 2019 வரை கரூர் எம்பியாக இருந்த தம்பிதுரை அந்தப் பொறுப்பில் இருந்தார். அதற்கு அடுத்த மக்களவை, 17-வது, ஐந்து வருடமும் துணை சபாநாயகர் இல்லாமலே முடிந்துவிட்டது. அதைப் பார்த்த பிறகு, நீங்கள் அன்றைக்கு மிட்டாய் கொடுத்தது சரியான காரியத்துக்குத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

செழியனுக்கு வருகிறேன். 1962-ல் பெரம்பலூரிலிருந்தும், 1967-லும் 1971-லும் கும்பகோணத்திலிருந்தும் மக்களவைக்குப் போனவர். பிறகு 1978 முதல் 1984 வரை மாநிலங்களவை. 1971 முதல் 1973 வரை பொதுக் கணக்குக் குழுவின் தலைவர். அந்தக் குழுவில் மக்களவையிலிருந்து 15 பேர், மாநிலங்களவையிலிருந்து 7 பேர். மந்திரி யாரும் அதில் உறுப்பினராக முடியாது. ஆளுங்கட்சியைச் சேராத ஒருவர் தலைவராவது 1967-ல் சுதந்திரா கட்சியின் மினு மசானியில் தொடங்கிய வழக்கம். சபை ஒதுக்கிய பணம் எதற்கு ஒதுக்கப்பட்டதோ அதற்குத்தான் செலவானதா என்று கணக்குத் தணிக்கை அறிக்கையை வைத்துக்கொண்டு அங்கே கேட்பார்கள். துறைச் செயலாளர்கள் எதிரே உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டும். கதவு சாத்தியிருக்கும், கைதட்ட ஆள் கிடையாது. அங்கே கெட்டிக்காரத்தனமான ஒரு வசனம் செல்லாது. முந்தின இரவு கணக்கைப் படித்துவிட்டு வந்தவர் கேட்கும் கேள்விதான் செல்லும்.

அந்தப் படிக்கிற பழக்கமும் காகிதத்தைப் பத்திரப்படுத்துகிற பழக்கமும் அவரைக் கடைசிவரை விடவில்லை. நெருக்கடி நிலை அத்துமீறல்களை விசாரித்த ஷா ஆணையத்தின் அறிக்கை 1978-ல் வந்தது. பிற்பாடு அது எங்கும் கிடைக்காமல் போனது. செழியனிடம் ஒரு பிரதி இருந்தது. 2010-ல், தன் 87-வது வயதில், அதைப் புத்தகமாக மறுபடி கொண்டுவந்தார். சென்ட்ரல் எதிரே இருந்த பழைய சிறையில் அந்த நாட்களில் கைதானவர்களுக்கு நடந்ததை நம் பக்கத்து ஆட்கள் மறக்கவில்லை. மறக்காமல் இருந்தால் மட்டும் போதாது, காகிதமும் இருக்க வேண்டும் என்று நினைத்த மனிதர் அவர். எனக்கு அவர்மேல் இருக்கும் மரியாதைக்கு இது ஒன்றே போதும்.

சரி, தொகுதிக்காரனுக்கு என்ன என்று கேட்டீர்கள். தகவல் உரிமைச் சட்டத்தைச் சொல்கிறேன். 2004 டிசம்பரில் அந்த மசோதா வந்தபோது அது மத்திய அரசு அலுவலகங்களுக்கு மட்டும்தான். தமிழ்நாட்டில் 1997-லேயே தனியாக ஒரு சட்டம் இருந்தது, ஆனால் ‘இதைத் தர முடியாது, அதைத் தர முடியாது’ என்று அதில் விதிவிலக்குகள் ஏராளம். மசோதா, அதை ஆராய்கிற நாடாளுமன்ற நிலைக்குழுவுக்குப் போனது. தலைவர் நம் தமிழ்நாட்டு எம்பி சுதர்சன நாச்சியப்பன். குழு பலரிடமும் கருத்துக் கேட்டு, மாநில அரசுகளும் இதற்குள் வர வேண்டும் என்று 2005 மார்ச்சில் சொன்னது. அப்படியே திருத்தம் வந்து, அக்டோபர் 12-ஆம் தேதி சட்டம் அமலுக்கு வந்தது. எங்கள் தெருவில் ஒரு வடிகாலைப் பாதி தோண்டிப் போட்டுவிட்டு மாதக்கணக்கில் யாரும் எட்டிப் பார்க்காதபோது, நான் 10 ரூபாய் கோர்ட் ஃபீஸ் ஸ்டாம்ப் ஒட்டி மாநகராட்சி அலுவலகத்தில் மனுப் போட்டேன். எவ்வளவு ஒதுக்கினார்கள், யாருக்குக் கொடுத்தார்கள் என்று 30 நாளுக்குள் எழுத்தில் பதில் வந்தது. அந்த அலுவலகத்தைக் கேள்வி கேட்கும் உரிமை எனக்கு இவ்வளவு பலத்தோடு கிடைத்ததில் அந்தக் குழு அறைக்குப் பங்கு உண்டு. யாரும் அங்கே மேஜையைத் தட்டிப் பேசவில்லை.

இதையெல்லாம் இன்றைக்கு ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அந்த அறைக்கு மசோதாக்கள் போவதே குறைந்துவிட்டது. 2009 முதல் 2014 வரை இருந்த 15-வது மக்களவையில் 71 சதவீத மசோதாக்கள் குழுக்களுக்குப் போயின. 17-வதில் 16 சதவீதம். எனக்கு இது பெரிய வேதனை. சபையில் சத்தம் போட்டுத் தடுக்க முடியாததை, ஒரு மூத்த உறுப்பினர் குழுவில் பொறுமையாக உட்கார்ந்து திருத்திவிட முடியும். அந்த வழி அடைபட்டுக்கொண்டே வருகிறது.

உங்கள் துறைமுகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1963-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாகப் பெருந்துறைமுகங்களுக்குப் புதிய சட்டம் கொண்டுவர 2016-ல் ஒரு மசோதா வந்தது. நிர்வாக வாரியத்தில் யார் யார் உட்காருவது என்பது அதில் முக்கியமான விஷயம். அது போக்குவரத்து நிலைக்குழுவுக்குப் போய், 2017 ஜூலையில் அறிக்கை வந்தது. அந்த மசோதா காலாவதியாகி, மறுபடி 2020-ல் வந்து, 2021-ல் சட்டமானது. அதன் பிறகுதான் ‘சென்னைத் துறைமுகப் பொறுப்புக் கழகம்’ போய் ‘ஆணையம்’ ஆனது.

அந்த அறிக்கை என்னிடம் இருக்கிறது. தமிழில் கிடையாது, ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டும்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தண்டையார்பேட்டைக்கு எடுத்து வருகிறேன். உங்களோடு வேலை பார்த்தவர்களையும் வரச் சொல்லுங்கள். நான் பத்தி பத்தியாகத் தமிழில் சொல்கிறேன். குழு எதைச் சரியாகப் பிடித்தது, எதைக் கோட்டை விட்டது என்று துறைமுகத்தில் நின்றவர்கள் நீங்கள் சொல்லுங்கள், நான் எழுதிக்கொள்கிறேன்.

அன்புடன்.