பிஎச்பி, மைஎஸ்க்யூஎல் பழகும்போது வெள்ளைப் பக்கம், கேள்விக்குறித் தமிழ், நேற்றைய தேதி: எங்கே தேடுவது?

கேள்வி: காசிமேட்டில் மீன் ஏலம் எடுக்கும் மாமாவுக்காக ஒரு சிறு கணக்குப் பக்கம் எழுதிப் பழகுகிறேன். ஒரு நாள் பக்கம் வெள்ளையாக வருகிறது. இன்னொரு நாள் மீன் பெயரெல்லாம் கேள்விக்குறி. தேதியும் தப்பு. இணையத்தில் கிடைத்ததையெல்லாம் ஒட்டிப் பார்த்துவிட்டேன். எங்கிருந்து தேட வேண்டும்?

பதில்:

முதலில் ஒட்டுவதை நிறுத்துங்கள். வண்ணாரப்பேட்டை, ராயபுரம் பக்கத்துக் கடைகளுக்கு நான் செய்துகொடுப்பது இந்த வேலைதான். உதவி கேட்டு வரும் புதியவர்களின் நிரலைத் திறந்தால், என்ன காயம் என்று பார்க்காமல் ஒட்டிய பிளாஸ்திரிகளே பாதி இருக்கும். உலாவி, பிஎச்பி (பக்கத்தைத் தயாரிக்கும் நிரல்மொழி), மைஎஸ்க்யூஎல் தரவுத்தளம் (கணக்கைச் சேமித்துவைப்பது) ஆகிய மூன்றில் எது முரண்டு பிடிக்கிறது என்று தெரியாமல் ஒரு வரியைக்கூட மாற்றாதீர்கள்.

வெள்ளைப் பக்கம் வந்தால், பெரும்பாலும் பிஎச்பி பிழையைக் கண்டுபிடித்திருக்கும். உங்களிடம் சொல்லத்தான் அதற்கு அனுமதி இல்லை. நிரலின் தலையில், பிழையைத் திரையில் காட்டச் சொல்லும் ‘டிஸ்ப்ளே எரர்ஸ்’ வரியைச் சேர்த்தால் போதும் என்பார்கள். அது பாதிதான் உண்மை. அதே கோப்பில் ஓர் அரைப்புள்ளி விடுபட்டிருந்தால் பிஎச்பி அந்தக் கோப்பை ஓட்டவே தொடங்காது. ஓடாத கோப்பில் எழுதிய வரி எப்படி வேலை செய்யும்? பிஎச்பியின் அமைப்புகள் இருக்கும் பிஎச்பி.ஐஎன்ஐ கோப்பிலேயே அதை ‘ஆன்’ என்று மாற்றி, அப்பாச்சியை (பக்கத்தை உலாவிக்கு அனுப்பும் சர்வர் மென்பொருள்) நிறுத்தித் தொடங்குங்கள். கணினியில் இரண்டு மூன்று ஐஎன்ஐ கோப்புகள் இருந்தால், ‘பிஎச்பிஇன்ஃபோ’ செயற்கூறு காட்டும் பக்கத்தில் ‘லோடட் கான்ஃபிகரேஷன் ஃபைல்’ என்ற வரி காட்டுவதை மட்டும் திருத்துங்கள். (வாடகை சர்வரில் ஏற்றியதும் இதை மறக்காமல் அணைத்துவிடுங்கள். பிழைச் செய்தி சில நேரம் கடவுச்சொல்லையே காட்டிக்கொடுக்கும்.)

பக்கத்துக்குப் பதில் நிரலே எழுத்தெழுத்தாகத் தெரிகிறதா? கோப்பை இரட்டைக் கிளிக்கில் திறந்திருக்கிறீர்கள். உலாவியில் லோக்கல்ஹோஸ்ட் (உங்கள் கணினியையே குறிக்கும் பெயர்) முகவரி வழியாகத் திறங்கள்.

பிழைச் செய்தி சொல்லும் வரி எண்ணையும் முழுதாக நம்ப வேண்டாம். விடையிலிருந்து ஒரு வரிசையை எடுக்கும் ‘ஃபெட்ச் அசோக்’ இருக்கும் வரியில் பிழை, கிடைத்தது ‘பூல்’ என்று வந்தால், அந்த வரி பாவம் நிரபராதி. அதற்கு முன்பு தரவுத்தளத்துக்கு அனுப்பிய கேள்வி (‘க்வெரி’) தோற்று ‘ஃபால்ஸ்’ திரும்பியிருக்கிறது. அதை யாரும் சோதிக்கவில்லை. 2021இல் வந்த பிஎச்பி 8.1 முதல் மைஎஸ்க்யூஎல்ஐ (பிஎச்பியைத் தரவுத்தளத்தோடு பேசவைக்கும் பகுதி), கேள்வி தோற்ற இடத்திலேயே சத்தம் போடுகிறது. பழைய பதிப்பென்றால் ‘மைஎஸ்க்யூஎல்ஐ ரிப்போர்ட்’ வரியை நீங்களே எழுத வேண்டும். ‘மைஎஸ்க்யூஎல் கனெக்ட்’ என்ற செயற்கூறே இல்லை என்று செய்தி வந்தால் குற்றவாளி மூர் மார்க்கெட்டில் மலிவாகக் கிடைத்த புத்தகமாக இருக்கும். அந்தப் பழைய செயற்கூறுக் குடும்பம் முழுவதையும் 2015இல் பிஎச்பி 7.0 நீக்கிவிட்டது. அந்தப் பாடத்தைத் திருத்திக்கொண்டு உட்காராதீர்கள், தூக்கிப் போடுங்கள்.

இனி தமிழ். திரையில் என்ன தெரிகிறது என்று உற்றுப் பாருங்கள். தலையில் குறி ஏறிய ரோமன் ‘ஏ’ எழுத்தும் வட்டத்துக்குள் ‘ஆர்’ எழுத்தும் மாறி மாறி வந்தால் நல்ல செய்தி: பைட்டுகள் பத்திரமாக இருக்கின்றன, படிக்கும் முறைதான் தவறு. வஞ்சிரம், சங்கரா எல்லாம் வெறும் கேள்விக்குறியாக அட்டவணைக்குள்ளேயே பதிந்துவிட்டால் அந்தத் தரவு போனதுதான். மறுபடி உள்ளிட வேண்டும். எது என்று பிஎச்பிமைஅட்மினில் (தரவுத்தளத்தை உலாவியிலேயே திறந்து காட்டும் கருவி) பார்த்தால் தெரிந்துவிடும். அங்கே நெடுவரிசைக்கு நேரே ‘லத்தீன்1 ஸ்வீடிஷ்’ என்று இருந்தால் (காசிமேட்டு மீனுக்கு ஸ்வீடன் நாட்டு அகரவரிசை!) அதைத் தமிழையும் கொள்ளும் குறியாக்கமான யூடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றுங்கள். அட்டவணையை மாற்றிவிட்டு, பிஎச்பி தரவுத்தளத்தோடு பேசும் இணைப்பை மறந்துவிடுவதுதான் வழக்கமான கோளாறு. இணைத்த அடுத்த வரியிலேயே ‘செட் சார்செட்’ கொடுத்து அதே குறியாக்கத்தைச் சொல்லுங்கள்.

இதே குடும்பத்தில் இன்னொரு தொல்லை, நீளம். ‘தண்டையார்பேட்டை’ நம் கண்ணுக்கு 8 எழுத்து. பிஎச்பியில் நீளம் அளக்கும் ‘ஸ்ட்ர்லென்’ 45 என்று சொல்லும், ‘எம்பி ஸ்ட்ர்லென்’ 15 என்று சொல்லும். இரண்டும் சரிதான்: முன்னது பைட்டுகளையும் பின்னது யூனிகோடு குறியீடுகளையும் எண்ணுகிறது. புள்ளியும் துணைக்காலும் தனிக்குறியீடுகள். பெயரைச் சுருக்கிக் காட்ட ‘சப்ஸ்ட்ர்’ போட்டால் எழுத்து நடுவில் வெட்டுப்பட்டுக் கறுப்பு வைரக்குறி வரும். ‘கிராஃபீம்’ என்று தொடங்கும் செயற்கூறுகள்தான் நம் எழுத்துக் கணக்கில் வெட்டும்.

தேதிக் கோளாறு உங்கள் மாமாவின் தொழிலில்தான் நன்றாக மாட்டும். ஏலம் விடியும் முன்பே தொடங்கிவிடுகிறது. சர்வர் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் இருந்தால் நமக்கு ஐந்தரை மணி நேரம் பின்னால் இருக்கும். ஞாயிறு அதிகாலை 4 மணிக்குப் பதிந்த விற்பனை சனிக்கிழமைக் கணக்கில் சேரும். பகலில் உட்கார்ந்து சோதித்தால் எல்லாம் சரியாகவே தெரியும். அப்பாச்சி, பிஎச்பி, தரவுத்தளம் மூன்றும் சேர்ந்து வரும் ஸாம்ப் தொகுப்பை நிறுவியிருந்தால் அதன் ஐஎன்ஐ கோப்பில் பெர்லின் நேரம் எழுதியிருக்கும், அதையும் பாருங்கள். பிஎச்பியில் நேர மண்டலத்தை ‘ஆசியா/கொல்கத்தா’ என்று வைத்தால் பாதி வேலைதான் முடியும். இப்போதைய நேரத்தைத் தரும் தரவுத்தளத்தின் ‘நவ்’ அதன் சொந்தக் கடிகாரத்தைத்தான் பார்க்கும். இணைப்பில் +05:30 என்று தனியாகச் சொல்லுங்கள்.

படகு உரிமையாளர் பெயரை டி’குரூஸ் என்று ஆங்கிலத்தில் உள்ளிட்டால் பக்கம் உடைகிறதா? ராயபுரத்தில் அந்தப் பெயருக்குப் பஞ்சமில்லை. அந்த ஒற்றை மேற்கோள்குறி உங்கள் கேள்வியைப் பாதியில் முடித்துவிடுகிறது. குறியை நீக்குவது தீர்வல்ல. அதே ஓட்டை வழியாக வேறொருவர் அட்டவணையையே அழிக்கும் கட்டளையையும் அனுப்பலாம். கேள்வியையும் உள்ளிட்ட மதிப்பையும் தனித்தனியாக அனுப்பும் ‘பிரிப்பேர்டு ஸ்டேட்மென்ட்’ கற்றுக்கொள்ளுங்கள், இன்றைக்கே.

வீட்டில் ஓடியது வாடகை சர்வரில் ஓடவில்லை என்றால் கோப்பு, அட்டவணைப் பெயர்களின் பெரிய எழுத்து, சிறிய எழுத்தைப் பாருங்கள். விண்டோஸ் கண்டுகொள்ளாது, லினக்ஸ் விடாது.

ஒன்று விட்டுவிட்டேன். மின்சாரம் போய் வந்த பிறகு ஸாம்பில் மைஎஸ்க்யூஎல் எழவில்லை என்றால், ‘டேட்டா’ கோப்புறையை அழித்துவிட்டு ‘பேக்கப்’ கோப்புறையை வை என்று யாராவது சொல்வார்கள். எதையும் அழிக்கும் முன் ‘டேட்டா’வை முழுதாக வேறிடத்தில் நகலெடுங்கள். அதிலிருக்கும் ‘ஐபிடேட்டா1’ கோப்பு போனால் இன்னோடிபி (மைஎஸ்க்யூஎல் தரவைச் சேமிக்கும் ஒரு முறை) அட்டவணைகளின் பெயர் மட்டும் தெரியும், திறக்காது. தினமும் வேலை முடிந்ததும் பிஎச்பிமைஅட்மினில் ‘எக்ஸ்போர்ட்’ எடுத்துப் பென்டிரைவில் போட்டுவைத்தால் இந்தப் பாடே இல்லை.