மஞ்சள் நுரையும் ஒரு மாங்கொட்டையும்

கேள்வி: எங்கள் மணி நாட்டு நாய், 3 வயது. பத்து நாளாக விடியற்காலையில் மஞ்சள் நுரையாக வாந்தி எடுக்கிறான். எடுத்த கையோடு வாலை ஆட்டிக்கொண்டு பால் கேட்கிறான். இரவுச் சாப்பாடு 7 மணிக்கு. புல்லும் மேய்கிறான். உப்புக் கரைத்த தண்ணீரைப் புகட்டி எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடச் சொல்கிறார் பக்கத்து வீட்டம்மா. செய்யலாமா டாக்டர்?
- வாசகி, கும்பகோணம்

பதில்: உப்புத் தண்ணீர் மட்டும் வேண்டவே வேண்டாம் அம்மா. ரத்தத்தில் உப்பு ஏறினால் வலிப்பு வரை கொண்டுபோய் விடும்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் பித்த வாந்தி போலத்தான் இருக்கிறது. இரவு 7 மணிக்குச் சாப்பிட்ட வயிறு விடிவதற்குள் காலியாகிவிடும். சிறுகுடலில் இருக்கும் பித்தநீர் மேலே ஏறி இரைப்பையை உறுத்தும். அந்த மஞ்சள் அதுதான். சாப்பாட்டின் அளவைக் கூட்டாமல், அதிலேயே ஒரு பிடி எடுத்துவைத்துப் படுக்கப்போகும் முன் கொடுங்கள். பாலை நிறுத்துங்கள், வளர்ந்த நாய்கள் பலவற்றுக்கு அது செரிப்பதில்லை. புல் தின்பதற்குப் பயப்பட வேண்டாம், மருந்து தெளித்த வரப்புப் புல்லாக இல்லாதவரை. ஒரு வாரத்தில் நிற்காவிட்டால் மருத்துவரிடம் காட்டிவிடுங்கள்.

வாந்தி எல்லாமே பித்தம் இல்லை. ஒரு மே மாதம் என்னிடம் ஒரு லாப்ரடார் வந்தது. மூன்று நாளாக வாந்தி. வீட்டில் தயிர் சாதமும் ஓம வாட்டரும் மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார்கள். குடித்த தண்ணீர்கூட உள்ளே தங்கவில்லை. வயிற்றை அமுக்கியபோதே விரலில் கட்டியாக ஒன்று தட்டுப்பட்டது. திறந்து பார்த்தால் குடலை அடைத்துக்கொண்டு மாங்கொட்டை! கூட வந்த பையன் அப்போதுதான் வாயைத் திறந்தான்: "நான்தான் சப்பிட்டுப் போட்டேன் டாக்டர்." முதல் நாளே சொல்லியிருந்தால் அந்த நாய் அவ்வளவு வாடியிருக்காது.

அதனால் தண்ணீரும் தங்கவில்லை, ரத்தம் வருகிறது, ஈறு வெளுத்துவிட்டது என்றால் காத்திருக்காதீர்கள். வயிறு உப்பி, ஓங்கரித்து ஓங்கரித்து ஒன்றும் வரவில்லை என்றால் இரைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். நள்ளிரவானாலும் கிளம்புங்கள், சில மணி நேரத்தில் உயிர் போய்விடும். தடுப்பூசி போடாத குட்டி வாந்தியும் பேதியுமாகச் சுருண்டு படுத்தால் எனக்கு முதலில் பார்வோ என்ற வைரஸ் நோயின் ஞாபகம்தான் வரும். நம் மாத்திரை டப்பாவில் கை வைக்காதீர்கள். மனிதருக்கான வலி மாத்திரை நாயின் வயிற்றில் புண்ணையே உண்டாக்கிவிடும்.

போகும்போது வாந்தி எடுப்பதை செல்போனில் வீடியோ எடுத்துக்கொண்டு போங்கள். வயிறு குலுங்கி எடுக்கிறானா, தின்றது சும்மா எதுக்களித்து வருகிறதா என்பதில் நோயே வேறாகிவிடும். அப்புறம், மணிக்குப் பூச்சி மருந்து கடைசியாக எப்போது கொடுத்தீர்கள் என்று எழுதவே இல்லையே? அதையும் கேட்பார்கள், தேதியைத் தேடி வையுங்கள்.